படுக்க வைத்து ஊற்றிய கஞ்சி

பக்கவாதம் வந்த என் கணவரை, அடையாறில் ஒரு மருத்துவமனையிலிருந்து மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். "இதுல கஞ்சி ஊத்துங்க" என்றதோடு சரி. வீட்டில் அவர் படுத்திருந்த வாக்கிலேயே ஊற்றினேன். புரையேறி, மூச்சுத் திணறி, உதடெல்லாம் நீலமாகிவிட்டது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அதே மருத்துவமனைக்கு ஓடினோம்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் வார்டு நர்ஸ், "படுக்க வெச்சு ஊத்துவாங்களா? இதுகூடவா தெரியாது?" என்றாரே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இன்னா நர்ஸுக்கா படிச்சேன்? நீங்க சொல்லிக் குடுத்தீங்களா சிஸ்டர்?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் வந்த வேறொரு நர்ஸ், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, "நீங்களே ஊத்துங்கக்கா, நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்று என் கையாலேயே செய்ய வைத்தார். பத்து நிமிட வேலை! இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா?

இப்போதெல்லாம் நர்ஸ் எதைச் சொன்னாலும், அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அவர் கண்ணெதிரே ஒருமுறை செய்து பார்க்காமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

- ச. மல்லிகா, மயிலாப்பூர்