அப்பாவை நாங்கள் உட்கார வைத்தோம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த வேளையில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. முதல் பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் சிரிக்கிறார். "வயசாகித்தானுங்க போனாரு, நல்ல சாவு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். போன வருடம் ஊர் முழுக்க ஒட்டிய சுவரொட்டியிலும் 'வயது மூப்பின் காரணமாக' என்றுதான் போட்டோம். அச்சகத்தில் அதை எழுதிக் கொடுத்தவன் தலைமகனாகிய நான். அது பொய். மூப்பு தன் வேலையை நிதானமாகத்தான் செய்துகொண்டிருந்தது. அவசரப்பட்டவர்கள் சொந்தக்காரர்களாகிய நாம். இதைப் படித்து யாருக்காவது கோபம் வந்தால் தாராளமாக வரட்டும்.

அப்பா நாமக்கல்லை அடுத்த ஒரு மானாவாரிக் கிராமத்தில், நான்கு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும் விளையும், பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிணறு வெட்டும் இடத்தில் கல் சுமந்தார். லாரியில் கிளீனராக வடநாடு வரை போனார். அம்மாவைக் கைப்பிடித்த பிறகு ஊருக்குத் திரும்பி, ஓலைக் கொட்டகையில் கொஞ்சம் முட்டைக்கோழி வைத்து ஆரம்பித்தார். நோய் வந்து ஒரே வாரத்தில் கொட்டகை காலியான வருடமும் உண்டு. குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மறுபடி குஞ்சு வாங்கக் கிளம்பினார். பண்ணை பெரிதான பிறகும், விடிந்ததும் ஒவ்வொரு கோழி ஷெட்டாக நடந்து, செத்த கோழியை எடுத்துப் போட்டு, தீவனத்தை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். எழுபது வயது வரை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது பல் பிடுங்க மட்டும்தான்.

அந்த எழுபதுதான் வினையாக வந்தது. திருக்கடையூர் போய்ச் சாந்தி செய்து வந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பிறந்த வீட்டுச் சீராக ஒரு சாய்வு சோபாவை மினி லாரியில் ஏற்றி, அதற்கு மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுவந்து இறக்கினார். ஒரு பட்டனை அழுத்தினால் கால் மேலே போகும். இன்னொரு பட்டனை அழுத்தினால் அதுவே ஆளைத் தூக்கி நிறுத்தும். வந்திருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு தரம் அழுத்திப் பார்த்தார்கள்.

"பாடுபட்டதெல்லாம் போதுமுங்க மச்சான். இனி ராசாவாட்டம் இதுல உக்காருங்க" என்றார் மாமா.

சீராக வந்ததை மூலையில் போட முடியுமா? போட்டால் அம்மாவின் பிறந்த வீட்டையே அவமதித்ததாகிவிடும். மாமா வாரத்துக்கு ஒரு தரம் வந்து, அப்பா சோபாவில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார். வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா, "உக்காந்துக்கங்க, தம்பி வாரான்" என்பார். நம் பக்கத்தில் பெரியவர்களுக்கு மரியாதை என்றால் அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்குவது. சொம்பைப் பிடுங்குவோம், மண்வெட்டியைப் பிடுங்குவோம், பிறகு வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டு கும்பிடு போடுவோம். 'நீங்க எதுக்குங்க எந்திரிக்கிறீங்க?' என்பதைவிட மட்டமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அதை இந்த வீட்டில் அதிகம் சொன்னவனும் நான்தான்.

இது போதாதென்று சூரமங்கலத்திலிருந்து சின்ன மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர், வந்து சேர்ந்தார். வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றதும் அவர் இளமை விற்க ஆரம்பித்திருந்தார். மீசைக்கு அடித்த சாயம் வியர்வையில் உதட்டோரம் இறங்கிக்கொண்டிருக்க, ஒரு டப்பா பச்சைப் பொடியை அப்பா முன்னால் மேசைமேல் வைத்தார்.

"இது உள்ள போயி ஒடம்புச் செல்லையே புதுசாக்குதுங்க மாமா. பத்து வயசு கொறஞ்சுரும் பாருங்க."

காலையில் அதைக் கரைத்துக் குடித்தால் போதுமாம், வேறொன்றும் வேண்டாமாம். முட்டை மட்டும் கூடவே கூடாதாம், வயதானவர் நெஞ்சுக்கு அது ஆகாதாம். மாப்பிள்ளை கொண்டுவந்ததை வேண்டாம் என்று எந்த மாமனார் சொல்லியிருக்கிறார்? காலையில் பொடி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம், சாயங்காலம் இரண்டு இட்லி. லாரி லாரியாக முட்டை ஏற்றி அனுப்பும் வீட்டில், அந்தப் பண்ணையை உண்டாக்கிய மனிதர் மூன்று வருடம் ஒரு முட்டை சாப்பிடவில்லை. இந்த மடத்தனத்தைச் செய்ய வேறு ஊர்க்காரனால் முடியாது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கூண்டிலேயே நின்று முட்டையிடும் கோழிக்கு நடை என்பதே கிடையாது. முட்டைப் பருவம் முடிந்து கோழிகளைக் கழித்து விற்கும்போது கொஞ்சம் வேகமாகப் பிடித்து இழுத்தால் காலெலும்பு நம் கையிலேயே ஒடியும். பண்ணை வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்பாவை உட்கார வைத்தோம்.

அப்பா சும்மா இருந்துவிடவில்லை. "ஒரு எட்டு ஷெட்டுப் பக்கம் போய்ட்டு வாரேன்டா" என்று தினமும் கேட்பார். "அங்க வழுக்குமுங்கப்பா, உங்களுக்கு எதுக்குங்க" என்பேன். கேட்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரியும். உண்மை வேறு. சாந்திக்கு முந்தைய மாதம் நான் வாங்கிப் போட்ட மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று சொல்லி, வேலையாட்கள் முன்னால் அத்தனையையும் வெளியே கொட்ட வைத்தார். "மூக்குன்னு ஒண்ணு எதுக்குடா வெச்சிருக்கற?" என்றும் கேட்டார். அவர் சொன்னது சரி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் நான் இன்னும் யாருக்கோ மகனாக மட்டும் நின்றுகொண்டிருந்தேன். சோபா வந்து இறங்கியபோது கொடுத்தவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்.

மூன்று வருடத்தில் தொடை வேட்டிக்குள் குச்சியாகிவிட்டது. சோபா தூக்கி நிறுத்தினால் நிற்பார், கரண்ட் போனால் வரும்வரை காத்திருப்பார். ஒரு நாள் காலையில் குளியலறை முக்காலியிலிருந்து எழப் பார்த்தார். வழுக்கக்கூட இல்லை, கால் எழும்பவில்லை, அப்படியே சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் 'இனிப் படுக்கைதான்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மாமா வாட்டர் பெட் விசாரிக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் ராசிபுரத்திலிருந்து பிசியோதெரபி செய்கிற பெண் ஸ்கூட்டரில் வந்தார். வயது இருபத்தைந்து இருக்கும். முதலில் சோபாவின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "பாதிக்கு மேல சர்க்கரைங்க" என்று மூடி வைத்தார். டாக்டரைக் கேட்டுவிட்டு மறுநாளே அப்பாவுக்கு முட்டை கொடுக்க வைத்தார்.

"வயசானா சதை கரையறது இயற்கைங்க ஐயா. அத நிறுத்த முடியாதுங்க, மெதுவாக்கலாம். உக்காந்தே இருந்தா சீக்கிரம் கரைஞ்சுரும். எங்க, கைய ஊனாம எந்திரிங்க பாக்கலாம்."

முடியவில்லை. அப்பா சிரித்தார். "நான் கூண்டுக் கோழி ஆயிட்டேன் அம்மணி."

"கூண்டத் தொறந்தாச்சுங்க. ஊனியே எந்திரிங்க இன்னைக்கு. ஊனாம எந்திரிக்கிறத அப்பறம் பாத்துக்கலாம்."

வலி தாங்காமல் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பார்க்க வந்த உறவுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முட்டையைப் பார்த்த சின்ன மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனார். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. அவருக்கு ஷெட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான்கு மாதத்தில் கை ஊன்றாமல் ஐந்து தரம் எழுந்தார். ஆறாவது மாதம் ஒரு காலையில் கைத்தடியோடு ஷெட் வரை தன் காலாலேயே நடந்தார். முறிந்த இடுப்போடு இவ்வளவு வலு திரும்புகிறதென்றால், முதலிலிருந்தே நாங்கள் நடக்க விட்டிருந்தால் அது போயே இருக்காது.

பிறகு ஒரு மாதம்கூட இல்லை. சளி நெஞ்சில் இறங்கி நாலே நாளில் அப்பா போய்விட்டார். உடம்பில் இன்னும் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தால் தாங்கியிருப்பார் என்றார் டாக்டர். துக்க வீட்டில் மாமா எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்தப் புள்ள நடக்க வெச்சே கொன்னு போட்டுது" என்றார். மாலையோடு வந்த அந்தப் பெண் வாசலில் நின்று அதைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை அச்சில் சொல்கிறேன்.

ஆகவே நன்றி. ஆபரேஷன் செய்த டாக்டருக்கும், அலுக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், ரத்தம் கொடுக்க ஓடிவந்த பண்ணை வேலையாட்களுக்கும், காரியத்தன்று பந்தி கவனித்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ராசிபுரத்துப் பெண்ணைக் கைகூப்பி வணங்குகிறோம். சோபாவை மாமா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்கும் அறுபத்தெட்டு ஆகிறது, தாராளமாக உட்காரட்டும்.

நன்றி சொல்லும் இடத்தில் என் கணக்கையும் தீர்க்க வேண்டும். ஷெட் வரை அப்பா நடந்த அந்தக் காலையில் நானும் கூட இருந்தேன். உள்ளே போய் ஒரு வரிசை முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோழிகளின் கொண்டை நிறத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார். வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என்ன குற்றம் சொல்வாரோ என்றுதான் நான் அந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசைக் கடைசியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"நல்லாத்தான் சாமி வெச்சிருக்கற. இதுக்காடா என்னய உக்கார வெச்ச?"

"வெயில் ஏறுதுங்கப்பா, ஊட்டுக்குப் போலாங்க" என்றேன்.

அடுத்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா, திரும்பி என்னோடு நடந்தார்.