மூச்சை உள்ளே இழுத்தால் இல்லை

எங்கள் தையல் கம்பெனியில் காஜா மிஷின் ஓட்டுகிறவளை எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதுதான் காஜா. நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் துளை. அந்த மிஷின் கடகடவென்று அடித்து, கடைசியில் கத்தி இறங்கும்போது தலைக்குள் 'டக்'கென்று ஒரு வெட்டு விழும். இருபத்தெட்டு வருஷம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. அடுத்த மிஷினில் காலர் தைக்கிற நான் எதையும் இரண்டு தரம் சொல்லவேண்டும். மூன்றாம் தரம் சொன்னால், "ஏன்டி கத்துற, நான் என்ன செவிடா?" என்பாள்.

அவளுடைய தங்கைக்கோ ஊருக்கே தெரிந்த குரல். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. எங்களுக்கெல்லாம் அவள் மைக்கு. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள் அக்கா; எனக்கு அந்தக் கல்யாணமே வேண்டாம் என்றவள் தங்கை. ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளில் இருவரும் இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, "மூன்றாவது மேடையில்" என்று சொன்ன மைக்கு அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் வெறும் காற்று வந்தது. மைக்கில் ஏதோ கோளாறு என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். டீ கொண்டுபோன பெண் அறைக் கதவைத் திறந்தபோது, மைக்கு மேசைமேல் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள்.

பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, வலது காலில் பேருக்குத்தான் அசைவு.

"மூளையில பேச்சு வர்ற இடம் அடிபட்டிருக்கு. பேச்சு திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. நாம பேசுறதும் அவங்களுக்குப் புரியுமாங்கறது சந்தேகம்தான்" என்றாள் டாக்டர், சின்ன வயசுக்காரி. காஜாக்காவுக்குக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொன்னாள். இரண்டாம் தரம் கேட்பதற்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாம் நாள் மைக்குவின் வாயிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று வர ஆரம்பித்தது. மூச்சுத் திணறுகிறது என்று நர்ஸ் பிராணவாயு முகமூடியை மாட்டினாள். முகமூடிக்குள் மைக்குவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிளாஸ்டிக்கில் ஆவி படிவதும் விலகுவதுமாக இருந்தது. காஜாக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று முகமூடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க? திணறுது பாருங்க!"

"திணறல சிஸ்டர். பேசுறா."

"என்ன பேசுறாங்க? புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது."

"அது எங்க பாஷை" என்றாள் காஜாக்கா. சொன்ன பிறகு, தனக்கும் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவளுக்கே பயம் வந்ததாம்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களுடைய அப்பா நைட் ஷிப்ட் ஆள். பகலெல்லாம் அந்த ஒற்றை அறையில் தூங்குவார். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். ஏழு வயசு அக்காவும் ஆறு வயசுத் தங்கையும் அவரை எழுப்பாமல் பொழுதைப் போக்கவேண்டும். அவர் அடிக்கிறவர் இல்லை. ஆனால் ஒருநாள் இவர்கள் சிரித்த சிரிப்பில் விழித்தவர், அப்புறம் தூக்கமே இல்லாமல் வேலைக்குப் போய், மிஷினில் கண்ணசந்து இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் இந்தப் பாஷை.

தொண்டை சத்தமே அதில் கிடையாது. எல்லாம் உதட்டிலும் நாக்கு நுனியிலும் மூச்சிலும்தான். 'தப்' என்றால் கதவு. 'ஸீ' என்றால் நல்லது. அதே ஸீயை மூச்சை உள்ளே இழுத்துச் சொன்னால் நல்லதில்லை. எந்த வார்த்தையையும் உள்ளிழுத்துச் சொன்னால் அது இல்லை என்றாகிவிடும். அப்பா அசையாமல் தூங்கும்போது வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம். அவர் புரண்டு படுத்தால், கடைசியில் ஒரு 'ஃப்' வரவேண்டும். ஃப் வந்தால் ஆபத்து, உடனே ஏதாவது செய் என்று அர்த்தம்.

"எட்டு வருஷம் பேசினோம். நான் கம்பெனிக்கு வந்தப்புறம் விட்டுடுச்சு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா காதுக்குள்ள மிஷின் ஓடும். அவ குசுகுசுன்னு வருவா. ஒருநாள் எரிச்சல்ல, 'மனுஷங்க மாதிரி வாயைத் தொறந்து பேசுடி'ன்னு அறைஞ்சுட்டேன். அதோட அவ நிறுத்திட்டா." அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "இப்ப அது மட்டும்தான் அவகிட்ட மிச்சம். எனக்குப் பாதி மறந்துபோச்சு, மீதி கேட்கவே மாட்டேங்குது."

ஞாபகம் வந்த வார்த்தைகளையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, சட்டை அளவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். முப்பத்தொரு வார்த்தை தேறியது. பல்லி, ஜன்னல், பொம்மை, தண்ணீர், அம்மா வருகிறாள். சீட்டைப் பார்த்துக்கொண்டே, "வலிங்கறதுக்கு நாங்க வார்த்தையே வைக்கலடி" என்றாள்.

மைக்குவை வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே விசிறி ஓடும் சத்தம், தள்ளுவண்டி சத்தம், பத்துப் பேர் பேசும் சத்தம். காஜாக்கா தங்கையின் வாயருகே காதை வைத்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஏதோ தோன்றி, புறங்கையை அவள் உதட்டுக்கு நேராகப் பிடித்தாள். காற்று சுட்டால் ஆம், குளிர்ந்து உள்ளே போனால் இல்லை.

"தண்ணி?" என்று அந்தப் பாஷையில் கேட்டாள். கை குளிர்ந்தது. வேண்டாம். என்னிடம் அதைச் சொல்லும்போது காஜாக்கா அழுதாள், சிரிக்கவும் செய்தாள். நாலு நாளைக்கப்புறம் தங்கை அவளுக்குச் சொன்ன முதல் பதில் அது.

ஆனால் அதற்கப்புறம் மைக்கு ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். தப். உள்ளிழுத்த ஸீ. ஃப். கதவு நல்லதில்லை, ஆபத்து. இந்த இடம் பிடிக்கவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போ என்கிறாள் என்று காஜாக்கா அர்த்தம் பண்ணிக்கொண்டாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். "எல்லாருமே அப்படித்தான்மா கேப்பாங்க" என்று டாக்டர் முதுகைத் தட்டிவிட்டுப் போனாள்.

"வீட்டுக்குப் போலாம்டி, இன்னும் நாலே நாள்" என்று அக்கா சமாதானம் சொல்வாள். தங்கை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மறுபடி தப் என்பாள். இப்படியே இரண்டு நாள். இடது கையால் அக்காவின் முகத்தைத் தள்ளிவிட்டாள். கடைசியில் சொல்வதையே நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் நான் போனபோது காஜாக்கா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. "அவ என்கிட்ட பேச மாட்டேங்குறா" என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குடி ஃப்? அது ஆபத்துக்கு மட்டும்தானே" என்றாள்.

எழுந்துபோய்த் தங்கையின் தலையைத் தூக்கித் தன் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்திக்கொண்டாள். "ஒரே ஒரு தரம் சொல்லு கண்ணு. இந்தச் செவிட்டு முண்டத்துக்கு ஒரே ஒரு தரம் சொல்லு."

அப்புறம் மைக்கு சொன்னாள். தப். அதை ஒட்டி நாக்கு மேலண்ணத்திலிருந்து விடுபட்டு ஒரு சொடக்கு. அதில் மூச்சே இல்லை. அதனால் இத்தனை நாள் கைக்கும் தெரியவில்லை, காதுக்கும் எட்டவில்லை. இப்போது அது தாடை எலும்பு வழியாக அக்காவுக்குள் இறங்கியது.

காஜாக்கா விருட்டென்று நிமிர்ந்தாள். "ஐயோ, கதவு இல்லடி! கால்!"

தப் தப் என்று இருமுறை சொன்னால் கால்கள், நடக்கிற சத்தம். ஜோடியாக இருப்பதையெல்லாம் இரண்டு தரம் சொல்லவேண்டும். அதில் ஒன்றை மட்டும் சொல்ல, இரண்டாவதற்குப் பதில் நாக்கைச் சொடுக்கவேண்டும். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் இரண்டு குழந்தைகள் போட்ட இலக்கணம்.

போர்வையை இழுத்தாள். வலது கெண்டைக்கால் வீங்கி, தோல் மினுமினுவென்று இறுகிக் கிடந்தது. தொட்டால் கொதித்தது. காஜாக்கா வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

காலில் ரத்தம் கட்டியிருந்தது. ஒரு துண்டு ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. மறுபடி தீவிர சிகிச்சை, மறுபடி முகமூடி. பதினோரு நாள் வெளி பெஞ்சில் காஜாக்கா உட்கார்ந்திருந்தாள். யார் வந்தாலும் ஒன்றையே சொன்னாள்: "ரெண்டு நாளா சொன்னா. ரெண்டு நாளா சொல்லிட்டே இருந்தா." கேட்காததற்கு அவள் காதைக் குற்றம் சொல்லலாம். அவள் அப்படிச் சொல்லவிடவில்லை.

மைக்கு பிழைத்துக்கொண்டாள். பாதி நுரையீரல் பழுது, நாலு எட்டு வைத்தால் இளைப்பு. எங்கள் பேச்சு அவளுக்குத் திரும்பவே இல்லை. பேருந்து நிலையத்தில் வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்கள். காஜாக்காவைக் கெஞ்சிக்கூத்தாடி நூல் பிசிறு வெட்டுகிற பக்கம் மாற்றினோம். அங்கே கத்தரிக்கோல் சத்தம்தான். போன காது போனதுதான் என்று சோதித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இருக்கிறதும் எவ்வளவு நாளோ என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். அன்று அவள் கத்தரிக்கோல் ஒரு சட்டைக் கையையே வெட்டிவிட்டது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே ஏதோ உடைந்த சத்தம். மைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முகம் சிவக்க, புஸ் புஸ்ஸென்று பொரிந்துகொண்டிருந்தாள். காஜாக்கா கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே இடது கையை அவள் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? என்ன சொல்றாங்க?"

"திட்டுறா."

"என்னன்னு?"

"பாதி புரியல" என்றாள் காஜாக்கா, கையை எடுக்காமலே. "புரிஞ்ச பாதி வெளிய சொல்ற மாதிரி இல்ல. நீ உக்காரு, இன்னும் முடிக்கல அவ."