நல்ல கண்ணுக்கு ஒரு கண்மலர்

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் ராக்காயிக்குச் சோறு இறங்காது. இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தாய்மார் காலையில் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலை ஏறும்போது, கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ராக்காயி. மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனபிறகு கிடைத்த வேலை அது. கால் போனவளுக்கு வாய் போகவில்லையே என்று கங்காணிக்கு மெத்த வருத்தம். பின்னே, எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

1957இல் மாரியம்மன் திருவிழா அன்று அவள் கண்ணில் ஒன்று பட்டது. கொழுந்தெடுக்கும் மீனம்மா, அர்ச்சனைத் தட்டில் வெள்ளிக் கண்மலர் ஒரு சோடி வைத்தாள். கண்ணில் நோய் வந்தவர்கள் அம்மனுக்கு நேர்ந்து வைக்கும் காணிக்கை அது. மீனம்மாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவள் புருஷன் ஆண்டியப்பனுக்கும் இல்லை. ஏழெட்டு வருஷம் தவம் கிடந்து பெற்ற மகள் வேலாயிக்கு அப்போது எட்டு மாதம். ஈ பறந்தாலும் கண்ணால் துரத்தும் பிள்ளை.

“யாருக்கும்மா கண்மலர்?”

“சும்மா ஒரு நேத்திதாங்க அக்கா” என்று சொல்லிவிட்டு மீனம்மா கூட்டத்துக்குள் நழுவினாள்.

சும்மா யாராவது வெள்ளி வாங்கிப் போடுவார்களா? ராக்காயிக்கு அன்று பொங்கல் சோறும் இறங்கவில்லை.

அடுத்த மாதம் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அங்கே மருந்து கொடுப்பவர் செல்லசாமி. எல்லாரும் அவரை டாக்டரய்யா என்பார்கள், அவரும் மறுத்ததில்லை. சிறுபிள்ளைகளின் கண்ணுக்குள் வளரும் புற்றுநோய் ஒன்றைப் பற்றிக் கொழும்பு ஆராய்ச்சி டாக்டர்மாரும் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து விசாரிக்கிறார்களாம். பேர், தகப்பன் பேர், தாத்தா பேர், பிறந்த இடம், பெற்ற பிள்ளைகள் எத்தனை, இறந்தது எத்தனை, எதனால் என்று வரிசையாகக் கேள்விகள். செல்லசாமி லயம் லயமாக, வரிசை வீடுகள் அத்தனைக்கும் போய்க் கேட்டார். அறுபத்து மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான்: “அப்படி ஒண்ணும் இல்லைங்க.”

“நம்ம தோட்டம் சுத்தம்” என்று அவர் காகிதத்தைக் கட்டி வைத்தார்.

“அது எப்படிங்க?” என்றாள் ராக்காயி. “அறுவத்து மூணு வீட்டுல ஒரு புள்ளை கூடவா சாகல? நானே பொய் சொன்னேனுங்க. எம் மக வீரம்மா மூணு வயசுல காச்சல்ல போனா. ஒரே மகன்தான்னு சொல்லிட்டேன்.”

செல்லசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் பொய் சொன்ன?”

முதல்முறையாக ராக்காயியிடம் ஒருவர் ஏன் என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, பதிலுக்காக ஆறு வருஷமாகத் தோட்டமே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாத்தா பேரையும் பிறந்த இடத்தையும் கேட்டு வரும் காகிதம் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். வாயைத் திறந்தால் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று ஆளாளுக்கு வீட்டுக் கணக்கைச் சுருக்கிவிட்டார்கள். கண் நோய் என்று செல்லசாமி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

“சரிங்க, இந்த நோயில செத்த புள்ளைக்குப் பின்னால பொறக்குற புள்ளைக்கும் வருமா?”

“வரலாம்னுதான் அவங்க சந்தேகப்படுறாங்க. முத்தினா பூனைக் கண்ணு மாதிரி வெள்ளையா மின்னும். முன்னாடியே கண்டுபிடிச்சா உசிரைக் காப்பாத்திடலாம்.”

அவள் மனதில் வெள்ளிக் கண்மலர் வந்து நின்றது. மறுநாள் வேலாயியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செல்லசாமி டார்ச் அடித்தும் பார்த்தார். பிள்ளை டார்ச்சைப் பிடுங்கப் பார்த்ததே தவிர, ஒன்றும் மின்னவில்லை.

பத்து மணிக்கு மீனம்மா பால் கொடுக்க வந்தாள். ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், தன் வீரம்மாவைப் பற்றிச் சொன்னாள். செத்த பிள்ளையை வாயாலேயே மறுத்ததையும் சொன்னாள். மீனம்மா பிள்ளையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“எனக்கும் ஒரு பய இருந்தான் அக்கா. சின்னத்தம்பி. துறையூர்ப் பக்கம் எங்கம்மா வீட்டுல பொறந்தான். கண்ணு பூனை மாதிரி மின்னிச்சு, அப்புறம் வீங்கிச்சு. ஒன்றரை வருசம் அங்கேயே இருந்துட்டு, அவனைப் பொதைச்சிட்டுத்தான் வந்தேன்.” மகளின் தலையைத் தடவினாள். “வெளிய தெரிஞ்சா மனு போயிரும்னு அவரு சத்தியம் வாங்கியிருக்காரு. அவ்வளவு நாளு கடல் தாண்டி இருந்தா தள்ளிருவாங்களாம். இதுக்காவது ஒண்ணும் வரக்கூடாதுன்னுதான் ஆத்தாளுக்குக் கண்ணு வச்சேன்.”

சாயங்காலம், பிள்ளையைப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லப் போன ராக்காயியை ஆண்டியப்பன் வாசலிலேயே மறித்தான். அவன் கேட்டது ஒன்றுதான்: “அந்தக் காகிதம் எந்த ஆபீசுக்குப் போகுது? அதைச் சொல்லிட்டு உள்ள வாங்க.”

நியாயமான கேள்வி. ராக்காயிக்கு அதன் பதில் தெரியாது, செல்லசாமிக்கும் தெரியாது. காகிதம் அனுப்பிய கொழும்பு டாக்டர்மாருக்கு உடனே ஒரு கடிதம் எழுதும்படி அவரைப் பிடுங்கி எடுத்தாள். பத்து நாளில் பதில் வந்தது: மாதத்தின் முதல் சனிக்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வருவேன், வாருங்கள், நேரில் சொல்கிறேன். கையெழுத்து டாக்டர் ரணவீர.

நானுஓயா வரை ரயில், பிறகு பஸ். மீனம்மா மடியில் வேலாயி, பக்கத்தில் ஆண்டியப்பன், எதிரே ராக்காயி. டாக்டர் ரணவீர ஒரு பெண். சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, தட்டுத் தடுமாறும் தமிழ்.

“உங்க தோட்டத்தில் எல்லாரும் இல்லை, இல்லை என்று சொன்னது ஏன்?”

“இதுவரைக்கும் எங்க வாசலுக்கு வந்த காகிதமெல்லாம் ஒங்க தாத்தா எங்க பொறந்தாருன்னுதான் கேட்டுச்சுங்க நோனா. ஒங்க காகிதமும் அதைத்தான் கேக்குது” என்றாள் ராக்காயி.

டாக்டர் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். பேனாவால் முதல் நான்கு வரியையும் அடித்தார்.

“இது எங்க ஆராய்ச்சிக்கு மட்டும், வேற எந்த ஆபீசுக்கும் போகாது. பேர் வேணாம். ஊர் வேணாம். முதல் பிள்ளைக்கு என்ன வந்தது, அது மட்டும் சொல்லுங்க.”

ஆண்டியப்பன் மனைவியைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான்.

வேலாயியைத் தூங்க வைத்து, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, சின்னக் கருவி ஒன்றால் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். இடது கண்ணின் ஆழத்தில் பருப்பளவில் வெள்ளைப் புள்ளி. வலது கண் சுத்தம். ராக்காயி சும்மா இருப்பாளா? தானும் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு வலது கண்ணைக் காட்டினார். உள்ளே ஒரே சிவப்பு, அதில் கொழுந்திலையின் நரம்பைப் போல மெல்லிய கோடுகள். ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராதது அன்று ஒருநாள்தான்.

இடது கண்ணை எடுத்தாக வேண்டும் என்றபோது மீனம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். “ரெண்டையும் வச்சுக்கிட்டு அவன் போனான்” என்றான் ஆண்டியப்பன். “இவ ஒண்ணோட இருக்கட்டும்.” கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரத்தில் பிள்ளை திரும்பி வந்து, ஒற்றைக் கண்ணால் ஈயைத் துரத்தியது.

அடுத்து வந்த காகிதக் கட்டில் பேரும் இல்லை, பிறந்த இடமும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் மட்டும். பிள்ளைக் காம்பரா ஆயாவையும் கூட்டிப்போய்க் கேட்கவும் என்று கீழே ஒரு வரி. செல்லசாமி இந்தமுறை ராக்காயியோடு போனார். பதினேழு வீட்டில் இறந்த பிள்ளைகள் இருந்தார்கள். கொத்மலைப் பக்கத் தோட்டமொன்றில் இதே நோயோடு இன்னொரு பிள்ளை நேரத்தோடு அகப்பட்டதாகச் சேதி வந்தது.

1959இல் ஆண்டியப்பனின் மனு தள்ளுபடியானது. அவன் மறைத்த சமாச்சாரத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. காட்டிய அத்தாட்சி போதாதாம், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தோடு அவன் மருந்துக் காம்பராவுக்கு வந்தபோது, ராக்காயி அங்கே பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வருகிறான் என்றுதான் நினைத்தாள்.

“டாக்டரய்யா, எங்க வீட்டுக் காகிதத்துல மூத்தவன் பேரை எழுதணும்” என்றான். “இனி யாருக்குப் பயந்து மறைக்கணும்?”

“பேர் எழுத எடமே இல்லையே. நம்பர் மட்டுந்தான்.”

“ஓரத்துல எழுதுங்க” என்றாள் ராக்காயி.

செல்லசாமி பேனாவை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் சின்னத்தம்பி என்று எழுதினார். ராக்காயி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும், அதில் ஒரு பிள்ளை இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“எங்க வீட்டுக் காகிதத்தையும் எடுங்கய்யா” என்றாள். “எம் மக பேரு வீரம்மா.”