ஏழு மணிக்கு நிறைந்த அரங்கம்

லண்டனில் எங்கள் ஆட்கள் நேரத்தோடு போய்ச் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது விமான நிலையம். அங்கே மட்டும் நான்கு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெட்டிகளுக்குக் காவல் இருப்பார்கள். மற்றப்படி கலியாணமோ பிறந்தநாளோ, அட்டையில் ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஏழு மணிக்குப் போவதுதான் மரியாதை. ஐந்துக்கே போய் நின்றால் சாப்பாட்டுக்கு அலைகிற குடும்பம் என்று பெயர் வந்துவிடும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு ஐஸ் ஹாக்கி அணி எங்கள் பக்கம் வரப் பார்த்தது. அதற்குப் பிறகு இந்த மரியாதையின்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு.

அப்போது லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், மாடியில் பெட்டி வைக்கிற சின்ன அறையில் அம்மாவின் தம்பி. மாமா இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு பழைய பனிச்சறுக்கு அரங்கத்தில் வேலை செய்தார். ஆட்கள் சறுக்கிச் சறுக்கிக் கீறிப்போன பனியைச் சீவி, மேலே சுடுநீர் பூசிக்கொண்டு போகும் பெரிய வண்டியை ஓட்டுவது அவர் வேலை. சுடுநீர் விட்டால்தான் பனி கண்ணாடி மாதிரி இறுகுமாம். அந்த வண்டியில் ஏற வேண்டும் என்று நான் கேட்காத நாள் இல்லை. "ஏலாது பிள்ளை, வேலை போயிடும்" என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை.

முந்தைய வருடம்தான் மாமா மன்னாருக்குப் போய்க் கலியாணம் முடித்துவிட்டு வந்திருந்தார். மாமி அங்கேயே இருந்தார். மனைவியை இந்த நாட்டுக்குக் கூப்பிட இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்று சட்டம். அரங்கத்தில் மாமாவுக்குக் கிடைத்த அரைநேர வேலை அதற்குக் கிட்டவும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் தொழில்முறை அணியொன்று தன் இடத்தை இழந்து வேறு ஊர் தேடியது. எங்கள் பக்கத்துக் கவுன்சிலும் ஆற்றுக்கு அக்கரைக் கவுன்சிலும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பதுபோல அந்த அணியைக் கவனித்தன. இங்கே வாருங்கள், புது அரங்கம் கட்டித் தருகிறோம் என்று இரண்டு பக்கமும் போட்டி. உள்ளூர்ப் பத்திரிகையில் வரப்போகும் அரங்கத்தின் படம் வந்தது. கண்ணாடிச் சுவர், வரிசையாக மரங்கள், ஐஸ்கிரீமோடு நடக்கும் மனிதர்கள். அணி எங்கள் பக்கம் வந்தால் மாமாவுக்கு முழுநேர வேலை என்று மனேஜர் சொல்லியிருந்தார். மாமா அந்தப் படத்தை வெட்டிக் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி போனில் வருவார். திரையில் முகம் பாதிதான் தெரியும், பின்னால் மின்விசிறி சுற்றும். பூசைக்குப் போய்வந்த கதையை முடித்துவிட்டு என்னைத்தான் கேட்பார்.

"பிள்ளை, அந்த ஹாக்கிக்காரர் என்ன சொல்லினம்?"

"இன்னும் முடிவு சொல்லேல்லை மாமி."

"நான் மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினனான். எங்கடை பக்கம்தான் வருவினம், இருந்து பார்."

அக்கரையில் எவரும் ஹாக்கிக்காக மாதாவிடம் நேர்ந்திருக்க மாட்டார்கள். அதனால் நாங்கள்தான் வெல்வோம் என்று நானும் நம்பினேன். அம்மா மலிவு விற்பனையில் மாமிக்கு ஒரு சிவப்புக் குளிர்க்கோட்டு வாங்கி மாடிப்படியின் கீழ் மாட்டிவைத்தார். புது அரங்கத்தின் புது வண்டியில் பக்கத்தில் ஒரு இருக்கை இருக்கும், அதில் முதலில் ஏறுவது நான்தான் என்று மாமா எனக்கு வாக்குக் கொடுத்தார். அது மாமிக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அணியின் ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. அன்று ஐந்து மணிக்கு உள்ளூர்ப் பொடியன்களின் ஆட்டம். இந்த ஊரில் ஹாக்கி பார்க்க எத்தனை பேர் வருவார்கள் என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். ஆறரை வரை இருந்துவிட்டு ஆற்றைக் கடந்து அடுத்த இடம் பார்க்கப் போய்விடுவார்கள். வழக்கமாக அந்த ஆட்டங்களுக்கு விளையாடுபவர்களின் தாய் தகப்பன்தான் வருவார்கள். ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்று மாமா மனேஜரிடம் ஏற்றுக்கொண்டார்.

அங்கேதான் அவர் பிழை விட்டார். துண்டுப் பிரசுரம் கொடுத்தால் எங்கள் ஆட்கள் மதிக்கமாட்டார்கள் என்று, கலியாண அட்டை அடிக்கும் கடைக்குப் போய், தங்க ஓரம் வைத்த தடித்த அட்டையாக அடித்துக்கொண்டு வந்தார். சிலுவையோ பிள்ளையாரோ வரவேண்டிய இடத்தில் இரண்டு ஹாக்கி மட்டைகள் இருந்தன. தபாலில் போட்டால் அது அழைப்பே இல்லை. ஆகையால் மூன்று கிழமையாக மாமாவும் நானும் வீடு வீடாகப் போனோம். இல்ஃபர்ட், டூட்டிங், கடைசியில் ஹரோ வரைக்கும். எல்லா வீட்டிலும் இருத்தி வைத்துத் தேநீர் தந்தார்கள். எங்கள் கோயில் அன்ரி ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வீடு குடிபுகுறியோ?"

"இல்லை அன்ரி, ஐஸ் ஹாக்கி. அஞ்சு மணிக்கு வந்திடுங்கோ. அஞ்சு எண்டால் அஞ்சு."

"ஓம் ஓம், கட்டாயம் வருவம். மனிசி எப்ப வாறா?"

"இது சரிவந்தால் வருவா."

வெள்ளைத் தாளில் வெறுமனே ஐந்து மணி என்று எழுதிக் கொடுத்திருந்தால், டொக்டரிடம் போவதுபோல நாலே முக்காலுக்கு வந்து நின்றிருப்பார்கள். தங்க ஓரம் வைத்த அட்டைக்கு என்ன மரியாதை செய்ய வேண்டுமோ, அதைச் செய்தார்கள். இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அதுதான் நடந்தது.

அன்று மாமா காலையிலேயே போய்விட்டார். நான் நாலு மணிக்கே சட்டை மாற்றி, கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மாமா அஞ்சு எண்டவர்."

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான். இப்ப போய் என்ன செய்யிறது, ஒருத்தரும் வந்திருக்க மாட்டினம்."

தம்பி என்றால் அம்மாவுக்கு உயிர். அவர் அப்படிச் சொன்னது அன்பில்லாமல் இல்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, அம்மா சேலை கட்டி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழுக்குப் பத்து நிமிடம். எல்லாரும் பேசி வைத்ததுபோல அதே நேரத்துக்கு வந்து இறங்கினார்கள். கார் நிறுத்த இடமில்லை.

உள்ளே போனபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய அரங்கம் நிறைந்து கிடந்தது. பட்டுச் சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை. ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு விதி தெரியாது. கோல் விழுந்தாலும் தட்டினார்கள், ஆள் விழுந்தாலும் தட்டினார்கள். முன்வரிசையில் ஆறு வெறும் கதிரைகளில் மட்டும் அணியின் ஆட்களுடைய பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. கோயில் பெரியவர்கள் தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார்கள்.

மாமா வாசலில் நின்று கைகூப்பி, வாங்கோ வாங்கோ என்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"எங்கை அவை?"

"வந்திட்டுப் போட்டினம் அக்கா."

"அவை இருக்கேக்கை எத்தினை பேர் இருந்தவை?"

"பதினெட்டுப் பேர்."

அம்மா ரோல்ஸ் தட்டை மாமாவின் கையில் கொடுத்தார், மாமா அதைக் கொண்டுபோய் எல்லாருக்கும் பரிமாறினார். வரவேண்டியவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள், ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்தும் எவரும் எழும்பவில்லை. வண்டி வெளியே வந்தது. மாமா அதை என் பக்கம் ஓரமாக நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டினார். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முழு அரங்கமும் கைதட்ட நாங்கள் சுற்றினோம். நான் எல்லாருக்கும் கை காட்டினேன். மாமா ஏனோ மிக மெதுவாக ஓட்டினார். சீவி முடிந்த பனியின் மேலேயே இன்னும் இரண்டு சுற்று வந்தார். என் தலைக்கு மேல் அவர் மூச்சு விடுவது கேட்டது.

அணி ஆற்றுக்கு அக்கரைக்குப் போனது. அங்கே கண்ணாடிச் சுவரும் மரங்களுமாக ஒரு அரங்கம் எழும்பியது. எங்கள் பழைய அரங்கத்தை மூடினார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். மாமா வேலை மாறி மாறிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகள் சுருங்கி, ஒரு ஞாயிறு போன் வரவே இல்லை. மாமி இப்போது எங்கே இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்பதில்லை. அந்தச் சிவப்புக் கோட்டு எனக்கு அளவாக வந்து ஐந்தாறு வருடமாகிறது. நான் போட்டதில்லை. ஒருநாளும் நேரில் காணாத ஒருவருக்காக இப்படி ஏங்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் குளிர்காலம் தொடங்கி மாடிப்படியின் கீழுள்ள கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மாமியைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அந்தச் சனிக்கு மறுநாள் மாமி வழக்கம்போல் போனில் வந்தார். மாமா இன்னும் கீழே இறங்கி வரவில்லை. அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் என்று நான் ஓடிப்போய் எடுத்தேன்.

"மாமி, ஹோல் நிறைஞ்சு போச்சு. இருக்க இடமில்லை."

மாமியின் முகம் அப்படியே மலர்ந்தது. "நான் சொன்னனான் எல்லே" என்றார்.

"மாமா என்னை மெஷின்லை ஏத்தினவர்."

மாமி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அந்தப் பழைய மெஷின்லையோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம்" என்றேன். "மூண்டு சுத்து."