உறுதிக்கு முன்னே வெட்டிய கிணறு

இணுவிலில் ஜெனிற்றாவின் பள்ளிக்கூட வான் நுழையாத ஒழுங்கை இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிற்கும், எந்த வீட்டு நாய் சில்லைக் கடிக்க வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த ஊரிலேயே பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, கலியாணமும் முடித்தவள். இருப்பது மட்டும் வாடகை வீட்டில். இரண்டு பரப்புக் காணி வாங்கி ஒரு வீடு கட்டவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேராசை கிடையாது. ஊராரோ யானை விலை குதிரை விலை சொன்னார்கள்.

"பிள்ளை, அது நேற்றையான் விலை. இராத்திரி கனடாவிலையிருந்து போன் வந்திட்டுது" என்பார் தரகர்.

கனடாக்காரர் வாங்குவார், மதில் எழுப்புவார், படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பறந்துவிடுவார். உள்ளே பூனைகள் குடியிருக்கும். ஜெனிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பூனைக்குக் கிடைக்கிற காணி எனக்குக் கிடைக்கேல்லை!" என்று ஸ்ரியரிங்கில் குத்துவாள். ஹோர்ன் அலறும், வானுக்குள் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கடைசியில் மயிலிட்டியில் ஒரு துண்டு அகப்பட்டது. இராணுவம் பிடித்து வைத்திருந்து விட்டுப்போன நிலம். சொந்தக்காரி கமலாவதி, பக்கத்துத் துண்டில் சின்ன வீடு கட்டித் தனியாக இருக்கிறவர். விலை ஜெனிற்றாவின் கைக்கு எட்டியது. ஏன் மலிவு என்று ஆராயத் தேவையில்லை. கமலாவதியின் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்கு அவர் வழிபார்த்துக் காத்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் காணி பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் வாயில் விட்டுப் பார்ப்பார்கள். இந்தத் துண்டில் கிணறே இல்லை. ஆகவே ஜெனிற்றா ஒரு முடிவெடுத்தாள்: முதலில் கிணறு வெட்டுவது, தண்ணீர் நல்லதென்றால் காணியை வாங்கி உறுதிப் பத்திரம் எழுதுவது. கேட்டதும் புருசன் டிலான் தலையில் கை வைத்தான்.

"உமக்கென்ன விசரே? உறுதி எழுதமுன்னம் மற்றவையின்ரை காணியிலை கிணறு வெட்டுறதோ? நல்ல தண்ணி வந்தா மனுசி விலையை ஏத்திப்போடும். வராட்டில் வெட்டின காசும் போச்சு."

"அப்ப உப்புத் தண்ணியை வாங்கி வைச்சு என்ன, கருவாடே போடுறது?"

கமலாவதி தாராளமாகச் சம்மதித்தார். "வெட்டு பிள்ளை, வெட்டு. எனக்கென்ன நட்டம்?"

சுண்ணாம்புக் கல் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெனிற்றா வானை ஓட்டுவாள், பிள்ளைகளை இறக்குவாள், மயிலிட்டிக்குப் பறப்பாள். ஒரு சனிக்கிழமை, கிணறு வெட்டும் குகதாசன் உள்ளேயிருந்து கத்தினார்.

"அக்கோய்! ஊத்து வந்திட்டுது!"

வாளி மேலே வந்தது. கலங்கல் அடையக்கூட ஜெனிற்றா பொறுக்கவில்லை, அள்ளி வாயில் விட்டாள். பிறகு மயிலிட்டித் துறைமுகத்துக்கே கேட்கக் கத்தினாள்.

"நல்ல தண்ணி! நல்ல தண்ணியப்பா!"

அயல் முழுக்கப் போத்தலும் செம்புமாய் ஓடி வந்தது; கமலாவதியும் ஒரு செம்போடு வந்தார். வேண்டாமென்று ஏசிய டிலானே தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதம் மோட்டார் சைக்கிளில் வந்தது. செய்தியறிந்து கனடாவுக்கும் போன் போட்டுவிட்டு வந்த தரகர், இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்: "கமலாவதியக்கா, கனடாப் பார்ட்டி இரட்டிப்பு விலை தருதாம்!"

ஜெனிற்றாவின் கையில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை, வெறும் வாய்ப்பேச்சுத்தான். போட்டிக்கு விலை கூட்டவும் வக்கில்லை. ஐயோ, என்ரை கிணறே எனக்கு எதிரியாப் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கமலாவதி தன் செம்பில் அள்ளிய புதுத் தண்ணீரை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.

"உந்தக் கனடாக்காரர் இஞ்சை வந்து இருப்பாரோ?" என்று தரகரைக் கேட்டார்.

"எப்பவேன் லீவுக்கு வருவார்..."

"அப்ப எனக்கு நெஞ்சு நொந்தா ஆரைக் கூப்பிடுறது? படலைப் பூட்டையோ? மதிலும் கட்டிப்போட்டா இந்தத் தண்ணி ஆருக்கு?"

கமலாவதி ஜெனிற்றாவின் பக்கம் திரும்பினார்.

"சொன்ன விலை சொன்னதுதான் பிள்ளை. ஆனா சும்மா இல்லை. கிணத்திலை எனக்குப் பாதிப் பங்கு. வந்து அள்ள வழியும் சேத்து உறுதியிலை எழுதவேணும்."

"எழுதுவம் அக்கா! திங்கக்கிழமையே நொத்தாரிசிட்டைப் போவம்!"

சந்தோசம் தாங்காமல் ஜெனிற்றா அவரைக் கட்டிப்பிடித்தாள். ஈரத் தலையோடு நின்ற புருசனைப் பார்த்து, சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள்.

"இஞ்சேருங்கோ, கேட்டியளே? எங்களுக்குக் காணி இருக்கு!"