ஒரு சட்டி மண் கொண்டு வந்தால் மேட்ச் பார்க்கலாம்

கோடை மழை நின்றதும் கரிசல் மண்ணில் வெறுங்காலை ஊன்றி எடுத்தால் 'சளக்' என்று ஒரு சத்தம் வரும், காலோடு ஒரு பிடி மண்ணும் சேர்ந்து வரும், அதை உதறாமல் அடுத்த அடி வைத்தால் இரண்டு பிடியாகும், பத்தாவது அடியில் ஆள் முழங்காலை மடக்க முடியாமல் நிற்பான். எங்கள் ஊர் கால்பந்து டீமின் சொந்த மைதானம் அந்த மண்தான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், ஏரிக்குக் கீழே, பருத்திக் காடுகளை ஒட்டிக் கிடந்த பொதுநிலம். வெளியூர்க்காரர்கள் எங்களைச் 'சேத்து டீம்' என்று கேலி செய்தார்கள். நாங்கள் அதையே பனியனில் எழுதிப் போட்டுக்கொண்டோம்.

அது நல்ல மைதானம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். கோல்கம்பம் என்று நின்றவை இரண்டு பூவரசங் கம்புகள், அதில் ஒன்று கோணல். மழையில் சேறு என்றால் வெயிலில் அதைவிட மோசம். பங்குனி முடிவதற்குள் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும், வெடிப்புக்குள் கணுக்கால் வரைக்கும் போகும், ஓடுகிறவன் கால் ஒடிந்து விழுவான். அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மேட்ச் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சட்டி மண் கொண்டுவந்து ஏதாவது ஒரு வெடிப்பில் கொட்டி மிதிக்க வேண்டும். அதுதான் டிக்கெட். அதற்கு 'சட்டி போடுறது' என்று பெயர். வாத்தியாரும் போட்டார், சாராயம் குடித்துவிட்டு வந்தவரும் போட்டார்.

என் அப்பாதான் கோல்கீப்பர். அந்தத் தரையில் விழுந்து புரள வேறு யாரும் முன்வராததால் நாற்பது வயதிலும் அவரே நின்றார். ஒருநாள் நான் வெறுங்கையோடு போனபோது எல்லார் முன்னாலும் கத்தினார்: "ஏ கொடி, சட்டி எங்கடி? கீப்பர் மவள்னா சும்மா உட்டுருவாங்களா? வூட்டுக்குப் போயி எடுத்துட்டு வா!"

அம்மாவுக்கு நான் அங்கே போவதே பிடிக்காது. "பொட்டப் புள்ளைக்கு ஆம்பளைங்க ஆடுற எடத்துல என்ன சோலி?" என்பாள். ஆனால் மண் போட்டவளைப் போ என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. டீக்கடை வாசலில் நான் நிற்க முடியாது, ஏரிக்கரை ஆலமரத்தடியில் உட்கார முடியாது. அந்த மைதானத்தின் ஓரத்தில் மட்டும் தொண்டை கிழியக் கத்தலாம். எனக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே பொது இடம் அது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கோடைப் போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. எதிரணி தா.பழூர்க்காரர்கள். எங்களுக்கு முன்பு இடதுபக்கம் ஆடிக்கொண்டிருந்த கமால் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வரும்போது பதினோரு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்தார். அதுவரை எங்கள் டீமில் ஒருத்தர் காலிலும் பூட்ஸ் ஏறியதில்லை. அளவு தவறக்கூடாது என்று ஆளாளுக்குக் காலை நோட்டுத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தார்கள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் இரண்டு மணி நேரம் மழை அடித்தது. கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு வயலில் இறங்குகிறவன் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குவான். வெறுங்காலில் ஒட்டிய சேறு உதறினால் போகும், பூட்ஸின் அடிக்குமிழ்களுக்குள் புகுந்த சேற்றைக் கத்தியால்தான் சுரண்ட வேண்டும். இது தெரிந்த பதினோரு பேரும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கமால் பாய் மனசு நோகக் கூடாதாம். அதோடு கொஞ்சம் பவுசும் இருந்தது.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். ஒவ்வொரு காலும் ஒரு செங்கல் கனம். அப்பா ஒரு பந்தை எத்தப் போனார், பந்து நின்ற இடத்திலேயே நிற்க, பூட்ஸ் பறந்து போய் நடுக்கோட்டில் விழுந்தது. இடைவேளையில் கமால் பாய்தான் வெடித்தார்.

"ஏன்டா, நான் வாங்கியாந்தேன்னா அதப் போட்டுக்கிட்டே சாவணுமாடா? கழட்டுங்கடா!"

"ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் பாய்..." என்று இழுத்தார் என் பெரியப்பா மகன் செல்வராசு அண்ணன். அவர்தான் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர்.

"தோத்துட்டு வந்தா மட்டும் எனக்குச் சந்தோசமா? கழட்டுடா மொதல்ல!"

பதினோரு பேரும் வெறுங்காலோடு இறங்கினார்கள். இருபது நிமிடத்தில் இரண்டு கோல் திரும்பி வந்தது. அதன் பிறகு தா.பழூர்க்காரர்கள் ஒன்று போட்டார்கள். கடைசி நிமிடத்தில் செல்வராசு அண்ணன் கீப்பரைத் தாண்டி, ஆளே இல்லாத கோலுக்கு மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டார். பந்து உருண்டது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சேற்றில் அப்பி நின்றது. அவர் ஓடிப் போவதற்குள் எதிரணிக்காரன் வந்து எத்திவிட்டான். மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

யாரும் நடுவரைத் திட்டவில்லை. அப்பா மட்டும் குனிந்து பந்து நின்ற குழியைப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணுதான் புடிச்சிச்சு. அடுத்தவன கொற சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். செல்வராசு அண்ணன் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

இப்போது பெரம்பலூர் போகிற சாலையில் பச்சை நிறத்தில் செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, ஒரு மைதானம் வந்திருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை. வாசலில் பலகை: 'ஷூ இல்லாமல் உள்ளே வரக் கூடாது.' எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பழைய இடத்தில் சிவப்புச் சாயம் அடித்த அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். மனைப் பிரிவு வரப் போகிறதாம். சென்ற மாதம் ஒரு தாள் வீடு வீடாக வந்தது. 'மேற்படி நிலத்தில் விளையாட்டுப் பயன்பாடு எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை' என்று அதில் இருந்தது. கையெழுத்து வாங்க வந்தவர் செல்வராசு அண்ணன்.

"இருந்ததும் இல்லையா? நீங்க எங்கண்ணே ஆடுனீங்க, ஆகாசத்துலயா?" என்று கேட்டேன்.

"வுடு கொடி. அந்த மண்ணு எனக்கு என்ன செஞ்சுது? என்னையத் தோக்கடிச்ச மண்ணுதானே. போவட்டும்."

"தோத்தது ஒங்க கால்ல தெம்பு இல்லாம. கொஞ்சம் ஓங்கி எத்தியிருந்தா உள்ள போயிருக்கும்."

முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகம் கறுத்துவிட்டது. "கையெழுத்துப் போடுறியா, இல்லையா?"

போடவில்லை. கையெழுத்துப் போடும் கட்டத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று பேனாவை அழுத்தி எழுதிக் கொடுத்தேன். தாள் கிழிந்துவிட்டது. அவர் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வீட்டுக்குப் போகவில்லை, நேராக அவர் வீட்டுக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. அதற்காக அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கே வேறொரு தாளோடு வரலாம்.

பூவரசங் கம்புகள் இல்லை. கமால் பாய் இல்லை, போன ரமலானில் இறந்துவிட்டார். அப்பா இருக்கிறார், முட்டி இல்லை. சட்டி போடும் வழக்கம் நின்று பல வருடமாகிறது, அங்கே மண் கொட்டியவர்களே இன்று மனை விலை விசாரிக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்து நான் உருகவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. பழையதைப் பிடித்துத் தொங்காதே என்று புத்தி சொல்ல வருகிறவர்கள், பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி காசில்லாமல், செருப்பில்லாமல் போய் நின்று கத்துவதற்கு ஊரில் வேறு இடம் எது என்று எனக்குக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிவிட்டேன், இனி அதைப் பயன்படுத்தியாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அளவுக்கற்களுக்கு நடுவில் மேட்ச் வைத்திருக்கிறோம். என் மகள் உட்பட ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் பெண்பிள்ளைகள். எதிரணி இன்னும் அமையவில்லை. தைரியம் இருக்கிற எந்த ஊர்க்காரர்களும் வரலாம்.