போர் நிழலில் நின்ற லெமுவேல்

பெண்டாட்டியின் தம்பி லெமுவேல் டார்பாக்ஸ் செத்து அடக்கமும் ஆகிவிட்டான். இருந்தும் அவனை நினைத்தாலே ஏனாக் பிளமருக்கு வயிறு எரியும். இரண்டு வீட்டு மாடுகளும் பனிக்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய புல்லை ஒரு படம் வரைகிறவனுக்காகக் கடலுக்குக் கொடுத்தவன் அவன்.

ரௌலி ஊர்க் கடலோரச் சதுப்பில் உப்புப்புல் அறுப்பவனுக்கு எஜமான், கடல் பொங்கி ஏறிவரும் ஓதம்தான். பௌர்ணமி ஓதம் ஏறுவதற்குள் அறுத்ததை வாரி, சேற்றில் அடித்த முளைகளின் மேல் புல்போர் போட்டுவிட வேண்டும். அப்படி ஒரு பௌர்ணமி அன்றைக்கென்று பார்த்து பாஸ்டனிலிருந்து ஓர் ஓவியன் வந்து குடை விரித்து உட்கார்ந்தான். மேகம் நகர நகர, வெயிலும் நிழலும் புல்மேல் ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். புல் நனையுமே என்ற கவலை அவனுக்கு எதற்கு? "அப்படியே நில்லுங்க" என்று லெமுவேலிடம் ஒரு வார்த்தை சொன்னான். போச்சு. கவைக்கோலை ஊன்றி, தொப்பையை எக்கிக்கொண்டு ராஜா மாதிரி நின்றுவிட்டான் தடியன்.

"டேய் லெம், தண்ணி வாய்க்காலைத் தாண்டிருச்சுடா! வந்து தூக்குடா!"

"கத்தாதீங்க மச்சான். இப்பத்தான் என் மூஞ்சிக்கு வந்திருக்காரு."

மூஞ்சி! ஏனாக் ஒற்றை ஆளாய் முழங்கால் தண்ணீரில் ஓடி ஓடி வாரினார். பாதிகூடத் தேறவில்லை. அந்தப் பனிக்காலத்தில் இரண்டு பசுக்களைக் கசாப்புக்குத் தள்ளினார்.

மறு வருஷம் அந்தப் படம் சத்திரத்தில் கணப்புக்கு மேல் ஏறியது. முக்கால்வாசி வானம். கீழே வரிசையாய்ப் போர்கள். முன்னால் நிற்கும் பெரிய போரின் நிழலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் லெமுவேல். தூரத்தில் வெயில் விழுந்த ஒரே திட்டில், குனிந்த முதுகோடு ஒரு சிவப்புச் சட்டை. ஏனாக்கின் சட்டை அது. யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் லெமுவேல் உருப்படியாய் ஒரு வேலை செய்யவில்லை. அவன் போட்ட போரெல்லாம் அவனைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பொழுது சாய்ந்தால் ரம்மோடு படத்தடியில் உட்கார்ந்துவிடுவான்.

"அந்த நிழல்ல நிக்கறது நான்தான்."

"நிழல்ல பன்னி நின்னாலும் அப்படித்தான்யா தெரியும்" என்பான் சத்திரக்காரன்.

"மச்சான், நீங்க பாத்தீங்கள்ல? சொல்லுங்க."

பார்த்த சாட்சி ஏனாக் ஒருவர்தான். மட்டிச் சிப்பி சூப்பிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "நான் எங்கப்பா பாத்தேன்? புல்லு வாரிக்கிட்டில்ல இருந்தேன்." கூடம் சிரிக்கும். அவன் சாகிறவரைக்கும் அவர் அந்த ஒரு சொல்லைக் கொடுக்கவில்லை.

போன மார்ச்சில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவன் ஆள் அனுப்பினான். புல்லுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றே ஏனாக் போனார். பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அந்தக் கறுப்புப் புள்ளி நான்னு நீங்க சொல்ல வேணாம். எவனும் நம்பமாட்டான்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே."

"வெயில்ல ஒரு சிவப்புச் சட்டை நிக்குதுல்ல... அது நான்தான்னு சொல்லிருங்க."